மழையைப் பார்த்துக்கொண்ட தேவகி

வானூரில் நான் விளையாட்டு ஆசிரியையாக வேலை பார்க்கும் பள்ளி மைதானத்தில் கோல் கம்பத்துக்கு வலை கட்டிக்கொண்டிருந்தபோது தேவகியின் தம்பி போன் செய்தான். "அக்கா, தேவகி போயிட்டா" என்றான். சிறுநீரகம் கெட்டுப்போய் அவள் மாதக்கணக்கில் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கும் எங்கள் ஊரான மரக்காணத்துக்கும் அலைந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் கையிலிருந்த வலையை அப்படியே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பஸ் ஏறுவதற்குள் வாட்ஸ்அப்பில் அந்த வீடியோ வந்துவிட்டது. கூடவே ஒரு மெழுகுவர்த்தியும் கும்பிடும் கைகளும். உங்களுக்கும் வந்திருக்கும். தெற்காசிய நாடுகளின் பெண்கள் கிளப் அணிகளுக்கான கால்பந்து சாம்பியன்ஷிப், அதன் இரண்டாவது சீசன், பூடானின் திம்பு மைதானம். எங்கள் கேப்டனும் கோல்கீப்பருமான தேவகி வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பந்து அவளைத் தாண்டி, அவசரமே இல்லாமல் உருண்டு, வலைக்குள் போகிறது. சில நொடிகள்தான். ஒருத்தி செத்த அன்றைக்கு அனுப்ப இவர்களுக்கு வேறு வீடியோவே கிடைக்கவில்லையா என்று பஸ்ஸிலேயே வாய்விட்டுத் திட்டினேன். பக்கத்து சீட்டு அம்மாள் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். கோபம் ஆறிய பிறகுதான் உறைத்தது: வேறு வீடியோ உண்மையிலேயே கிடையாது. அதனால்தான் இதை எழுதுகிறேன். அவளோடு ஆடியவர்களுக்குத் தெரிந்ததை மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

எங்கள் பயிற்சி மைதானம் உப்பளத்தை ஒட்டி இருந்தது. அணியில் பாதிப் பேர் உப்பளத்து வீட்டுப் பெண்கள். விடியும் முன் பாத்தியில் இறங்கி உப்பு வாரிவிட்டு, சாயங்காலம் பூட்ஸ் மாட்டுவோம். சென்னையிலிருந்து புதிதாக வந்த பயிற்சியாளர் ஒரு நாள் தடுப்பாட்டம் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். கிழக்கே கறுத்தது. தேவகி கையுறையைக்கூடக் கழற்றாமல் உப்பளத்துப் பக்கம் ஓடினாள். அவள் பின்னால் நாங்கள். விசிலோடு தனியாக நின்ற சாரும் வேறு வழியில்லாமல் வந்து தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்தார். குவியலை மூடி முடித்ததும், "இது உங்க உப்பாம்மா?" என்று கேட்டார். "தெரியல சார். யாருதுன்னு கேக்கறதுக்குள்ள கரைஞ்சிடும்" என்றாள். அங்கே வழக்கம் அதுதான். மழை வந்தால் எதிரில் இருக்கிற குவியலை மூட வேண்டும், அது யாருடையது என்று பார்க்கக் கூடாது.

அதையே அவள் ஆட்டத்திலும் சொன்னாள். எதிரணிக்காரி ஒருத்தி தப்பித்து வந்தால், அவளைக் கவனிக்க வேண்டியது யார் என்று நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். பின்னாலிருந்து தேவகியின் குரல் வரும்: "யாருதுன்னு பாக்காதீங்கடி, மூடுங்க!" அந்தக் குரலில்தான் மாநிலத்தைத் தாண்டினோம், நாட்டைத் தாண்டினோம். கடைசி நேரத்தில் ஓர் அணி விலக, திம்புவுக்கு விமானம் ஏறினோம். அதிர்ஷ்டம் என்று சிலர் சொன்னார்கள். விலகிய இடத்தில் உட்கார வைக்க எங்களை அழைத்தார்கள் என்றால், வரிசையில் அடுத்து நின்றது நாங்கள்தானே.

முதல் ஆட்டம் வங்கதேச அணியோடு. அந்த உயரத்தில் மூச்சு வாங்கியது, ஆனாலும் இடைவேளை வரை ஒரு கோல்கூட விடவில்லை. பிறகு மலைக்குப் பின்னால் இடி இடித்தது. பின்வரிசையில் நின்ற நான்கு பேரும் உப்பளத்துப் பெண்கள். நான்கு பேரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்த்தோம். ஐந்தாவதாக தேவகியும் பார்த்தாள். வங்கதேசத்துப் பெண்ணுக்கு உப்பும் இல்லை, கவலையும் இல்லை. பந்தைத் தள்ளிவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். உலகத்தில் வேறெந்த அணியும் இப்படி ஒரு கோல் வாங்கியிருக்காது. கோலைக் காட்டிய கேமராவில் விழுந்தது தேவகி மட்டும்.

அந்த ஒரு கோலில் தோற்றோம். ஆட்டம் முடிந்ததும் சார் கத்தினார். "அப்படி மேல என்னதாம்மா பாத்த?"

"மழை சார். ஊர்ல உப்பு வெளிய கெடக்குது."

"ஊரு எங்க இருக்குது, நீ எங்க இருக்க?"

"எனக்குத் தெரியுது சார். கழுத்துக்குத் தெரியல."

சாரே சிரித்துவிட்டார். ஆனால் சாப்பிட்டு முடிப்பதற்குள் வீடியோ ஊரெல்லாம் சுற்றி எங்கள் போனுக்கே வந்துவிட்டது. சினிமாப் பாட்டு சேர்த்து ஒன்று, ஜோசியம் சேர்த்து ஒன்று. பின்வரிசையும்தான் பார்த்தது என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அம்மாவுக்கு போன் போட்டாள். "அங்க மழையாம்மா?" "மழையா? இங்க வெயில் மண்டையப் பொளக்குது. ஏன்டி?" "சும்மாதான்" என்று வைத்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அடுத்தது நேபாள அணி. ஜெயித்தால் அரையிறுதி, இல்லையென்றால் ஊர், அந்த வீடியோவோடு. மைதானத்தில் இறங்கும்போதே மேகம் தலைக்கு மேல் நின்றது. தேவகி பின்வரிசையைக் கூப்பிட்டு வட்டமாக நிறுத்தினாள்.

"இதப் பாருங்கடி. மேல பாக்கற வேலை இன்னைக்கு என்னுது. மழைய நான் பாத்துக்கறேன், நீங்க பந்தப் பாருங்க."

சொன்னபடியே செய்தாள். ஆட்டம் முழுக்க எங்கள் முதுகுக்குப் பின்னால் வானிலை அறிக்கை ஓடியது. "இன்னும் வரல, பந்தப் பாரு! காத்து மாறுது, பந்தப் பாரு!" இடி இடித்தபோது என் கழுத்து தானாக மேலே திரும்பப் போனது. "மல்லிகா! அத நான் பாத்துட்டேன்டி!" என்று ஒரு சத்தம். கழுத்து அடங்கிவிட்டது. இடைவேளைக்குப் பிறகு ஒரு கார்னரில் எங்களுக்கு ஒரு கோல் கிடைத்தது. உடனே மழை கொட்டத் தொடங்கியது. கடைசி நிமிடங்களில் நேபாளத்துப் பெண் ஒருத்தி நடுவில் புகுந்து வந்தாள். யாருடைய ஆள் என்று யாரும் பார்க்கவில்லை. நான்கு பேரும் நான்கு பக்கமிருந்து ஓடினோம். அவள் அடித்துவிட்டாள். பந்து மூலைக்குப் போனது. தேவகி பாய்ந்ததை நான் பார்க்கவில்லை. தண்ணீருக்குள் விழுந்து சறுக்கி, பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு கிடந்ததைத்தான் பார்த்தேன். ஜெயித்தோம்.

இதற்கு வீடியோ இல்லாததற்குக் காரணம், மழை வந்ததும் கேமராக்காரர் ஓடிவந்து கேமராவைப் பிளாஸ்டிக் தாளால் மூடிவிட்டதுதான். தேவகிக்கு அவர்மேல் கொஞ்சமும் வருத்தமில்லை. "அவரு குவியல அவரு மூடிக்கினாரு, இதுல என்ன தப்பு?" என்றாள். எனக்கு இன்றுவரை வருத்தம்தான். அரையிறுதியில் தோற்றோம், நியாயமாகவே தோற்றோம். ஆனால் புதிதாகத் தொடங்கிய ஒரு போட்டியில் முதல் நான்கு அணிகளுக்குள் நின்றுவிட்டு வந்தோம்.

கடைசியாக அவளை ஆஸ்பத்திரியில் பார்த்தபோது முகம் வீங்கியிருந்தது. ஊசி போட வந்த சிஸ்டர் உற்றுப் பார்த்து, "நீங்கதான அந்த வானத்தப் பாத்த கீப்பர்?" என்று கேட்டுவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. தேவகி ஜன்னலைக் காட்டி, "ஆமா சிஸ்டர். படுத்துக்கினு இருக்கறதால தெரியல. மழை வருதான்னு கொஞ்சம் பாத்து சொல்லுங்க" என்றாள். சிஸ்டர் நிஜமாகவே போய்ப் பார்த்தார்.

போன் வந்த அன்று நான் மரக்காணம் போய்ச் சேர்ந்தபோது, அவள் வீட்டு வாசலில் சாமியானா போட்டு அவளைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் அவள் அம்மா. அணிக்காரிகள் சுற்றி உட்கார்ந்திருந்தோம். மேளம் அடித்துக்கொண்டிருந்தது. தூக்குவதற்குச் சற்று முன்னால் கிழக்கே இடி இடித்தது. மேளம் நின்றது. தெருவில் இருந்த அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். உப்பெல்லாம் வெளியில் கிடந்தது. ஆனால் யாருக்கும் எழுந்து போக மனம் வரவில்லை. பாடைப் பக்கத்தில் நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அவள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏம்பா, என்ன பாத்துக்கினு நிக்கறீங்க? போங்க, போய் மூடிட்டு வாங்க. அவ இருப்பா" என்றார்.

ஓடினோம். மேளக்காரர்களும் ஓடினார்கள். எனக்கு எதிரில் இருந்த குவியலுக்குத் தார்ப்பாயை இழுத்தபோது மறுமுனை ஏற்கெனவே யார் கையிலோ இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் எங்கள் சார். நான்கு சொட்டுப் போட்டுவிட்டு மேகம் தெற்கே கீழ்புத்துப்பட்டுப் பக்கம் போய்விட்டது. உப்பு ஒட்டிய காலோடு திரும்பி வந்து அவளை அனுப்பிவைத்தோம்.

தேவகியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவள் கையுறையை அல்ல. அது அவள் தம்பியிடம் இருக்கிறது. நான் எடுத்துக்கொண்டது அவள் வேலையை. போன வாரம் ஆட்டத்தின் நடுவே மேகம் திரண்டது. என் பள்ளி அணியில் உப்பளத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் இருக்கிறார்கள். மூன்று பேருடைய கழுத்தும் திரும்பத் தொடங்கியது எனக்குக் கோட்டுக்கு வெளியிலிருந்தே தெரிந்தது. "மழைய நான் பாத்துக்கறேன், நீங்க பந்தப் பாருங்க!" என்று கத்தினேன். கத்திவிட்டு, தேவகி நின்றதுபோலவே, வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.