தேக்குச் சட்டத்தில் ஒரு டிஸ்க்

என் கையெழுத்து கோழிக் கிறுக்கல். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. எங்கே சின்ன ‘ர’, எங்கே பெரிய ‘ற’ என்பதெல்லாம் இன்றைக்கும் எனக்குக் குத்துமதிப்புதான். இதைப் படிக்கிறவர்கள் பிழைகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் தச்சு வேலை செய்கிறவன். பென்சில் எனக்கு மரத்தில் கோடு போடத்தான் பழக்கம்.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர், மகள் கல்லூரியில் சேர்ந்தபோது பழையதாக வாங்கியது. அவள் கல்யாணமாகித் திருப்பூர் போனதும் என் மனைவி அதில் டைப் அடிக்கக் கற்றுக்கொண்டாள். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பு, கோயில் நோட்டீசு எல்லாம் வீட்டில் உட்கார்ந்தே அடித்து அச்சகத்துக்கு அனுப்புவாள். தெருவில் என்னைப் ‘பத்திரிகைக்காரம்மா வீட்டுக்காரர்’ என்பார்கள். எனக்கு அது பிடிக்கும்.

கம்ப்யூட்டர்தான் வர வர மோசமாகிவிட்டது. பொத்தானை அமுக்கிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய் உலை வைத்துவிட்டு வருவாள். அப்போதும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்.

இந்த ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை, அமராவதிபுதூரிலிருந்து ஒரு பெரியவர் தன் மகளின் கல்யாணப் பத்திரிகையை அடிக்க வந்தார். நல்ல நேரம் பத்தேகாலோடு முடிகிறது, அதற்குள் பிள்ளையார் சுழியும் முதல் வரியும் விழுந்துவிட வேண்டும் என்றார். அப்போது மணி பத்து. அன்று பார்த்துக் கரண்ட் போய் வந்து, கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தது. அவள் அமுக்கினாள். வட்டம் சுற்றியது. பெரியவர் கடிகாரத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்துகொண்டார்.

“தப்பா நெனைக்காத தாயி. நாங்க அங்குட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பாத்துக்கிறோம்.”

செருப்பை மாட்டியும் மாட்டாமலும் ஓடினார். அவரைக் குறை சொல்ல முடியாது. அடுத்து ராகு காலம்.

மனைவி கம்ப்யூட்டரை அணைத்தாள். அன்று சாயங்காலமே ஒரு ஜவுளிக்கடைக்குப் போய் வேலை கேட்டு, அங்கே பெண்களெல்லாம் கட்டுகிற ஒரே மாதிரிச் சேலையையும் வாங்கி வந்துவிட்டாள். திங்கட்கிழமை சேர வேண்டும். காலை பத்து முதல் இரவு ஒன்பது வரை நின்றுகொண்டே சேலை விரித்துக் காட்டுகிற வேலை. அவளுக்கோ இரண்டு முழங்காலிலும் வலி. பத்திரிகை வேலையை அவள் எத்தனை ஆசையாகச் செய்தாள் என்பதும் எனக்குத் தெரியும். போகாதே என்று சொல்ல வாய்வரை வந்தது, வெளியே வரவில்லை. இத்தனை வருடத்தில் இதைச் செய், இதைச் செய்யாதே என்று அவளிடம் நான் சொன்னதில்லை. காரணம் கூச்சம். அவள் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. என்கிற புதுவகை டிஸ்க் போட்டால் கிழட்டுக் கம்ப்யூட்டரும் ஓடும் என்று, நான் வேலை பார்த்த ஒரு வீட்டில் சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். மற்றவர்கள் போகும்வரை ஓரமாக நின்றேன். கடைக்காரர் இருப்பதிலேயே விலை குறைந்த ஒன்றையும், பழையதில் உள்ளதைப் புதியதில் இறக்க ஒரு வயரையும் கொடுத்தார்.

டிஸ்க்கைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கனமே இல்லை. எங்கள் தொழிலில் பலகையைத் தூக்கிப் பார்த்தே தரம் சொல்லுவோம். இதுவோ தீப்பெட்டி மாதிரி இருந்தது. ஏமாந்துவிட்டோம் என்றே நினைத்தேன். கேட்கவும் வாய் வரவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் வந்தபோது, இருக்கிறதா என்று மூன்று தரம் தொட்டுப் பார்த்தேன்.

மனைவியிடம் நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “யாரைக் கேட்டு வாங்குனீக?” என்றாள். நான் வயரையும் எடுத்து மேசையில் வைத்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளே செல்போனில் வீடியோ பார்த்து, வயரை மாட்டி, இறக்க வைத்தாள். மத்தியானம் தாண்டியும் இறங்கிக்கொண்டிருந்தது.

அதற்குள் நான் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பழைய டிஸ்க் உட்காரும் இடம் பெரிது, புதியது சின்னது. திருகாணித் துளைகள் சேரவில்லை. அதற்கென்று தகரச் சட்டம் விற்பார்களாம். மறுபடி கடைக்குப் போய் நிற்க எனக்குத் தெம்பில்லை. நேமத்தான்பட்டியில் ஒரு நிலைக்கதவு வேலையில் மிஞ்சிய பர்மா தேக்குத் துண்டு வீட்டில் கிடந்தது. அதை இழைத்து, டிஸ்க் அளவுக்குச் சட்டம் செய்து, துளை போட்டு, இறங்கி முடிந்ததும் பழையதைக் கழற்றிவிட்டுப் பொருத்தினேன். பழக்கதோஷத்தில் ஓரங்களை உருட்டி மெருகும் போட்டுவிட்டேன்.

“மாப்பிள்ளைக்குக் கட்டில் செய்யறாப்புல செஞ்சிருக்கீக. உள்ள இருக்கப்போறதை எவன் பாக்கப்போறான்?” என்றாள் மனைவி. சிரித்துவிட்டாள். மூன்று நாளில் அதுதான் முதல் சிரிப்பு.

மூடியை மாட்டிவிட்டு, அமுக்கு என்றேன். அவள் அமுக்கிவிட்டு வழக்கம்போல அடுப்படிக்கு நடந்தாள். நிலையைத் தாண்டுவதற்குள் பின்னால் கம்ப்யூட்டர் தயார் என்று மணியடித்தது. திரும்பி வந்து திரையைப் பார்த்தாள். ஏதோ பிசகு என்று அணைத்து மறுபடி போட்டாள். மறுபடியும் அதே வேகம். அவள் அடித்த பத்திரிகைகள் எல்லாம் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். ஆனால் வேலைக்குப் போவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை குளித்துவிட்டு வந்து கடைச் சேலையைக் கையில் எடுத்தாள். நான் உளி தீட்டுவதுபோல உட்கார்ந்திருந்தேன். அவள் சேலையை மடிப்புக் கலையாமல் ஒரு மஞ்சள் பையில் வைத்து என் முன்னால் நீட்டினாள்.

“போற வழியில இதைக் கடையில குடுத்துட்டுப் போயிருங்க. போகாதன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீகன்னா இம்புட்டுத் திருகாணி கழட்டியிருக்க வேணாம்.”

“சொன்னா கேட்டிருப்பியா?”

“கேட்டிருக்க மாட்டேன்.”

ஜவுளிக்கடைக்குள் நான் தனியாகப் போனதே இல்லை. எங்கே பார்த்தாலும் பெண்கள். கல்லாவில் இருந்தவர் என்ன வேண்டும் என்று இரண்டு தரம் கேட்டார். பையை மேசைமேல் வைத்தேன். அவளுக்கு வீட்டிலேயே வேலை இருக்கிறது என்று மட்டும் சொல்லத்தான் வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். அதைச் சொன்னேன். பிறகு, யாரும் கேட்காமலே, “அவளுக்கு முழங்கால் வலிங்க. நிக்க வைக்க எனக்கு மனசு வரலை” என்றும் சொல்லிவிட்டேன். பக்கத்தில் சேலை மடித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். காது சூடேற வெளியே வந்து சைக்கிளை எடுத்தேன்.

எழுதியது: ஐப்பசி 12, புதன்கிழமை.