சிவப்பு நூல் சுற்றிய மட்டை

மல்லாங்கிணற்றில் சோலைச்சாமி சொல்வதை ஒரு ஆளும் நம்பியதில்லை. நம்பாதவர்களில் முதல் ஆள் அவர் பொண்டாட்டி செல்லக்கிளி. சும்மா சொல்லக்கூடாது, அவரும் சொல்வதை நிறுத்தினாரில்லை. கொடைக்கானல் கோல்ப் மைதானத்தில் இருபத்தாறு வருஷம் ஆட்டக்காரர்களின் பையைச் சுமந்த மனுஷன். பேர்போன ஆட்டக்காரர்கள் கழித்துப்போட்ட மட்டைகளைக் கேட்டு வாங்கிச் சேர்த்து, பதினோரு மட்டையோடு ஊர் திரும்பினார். ஒவ்வொன்றாகத் துடைத்து, இது இன்னார் ஆடியது என்பார். டீக்கடையில், "ஆரம்பிச்சுட்டாருப்பா!" என்று சிரிப்பார்கள். செல்லக்கிளியோ அதில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு கருவேல முள்ளை இழுக்கப் போய்விடுவாள். அவருக்கு வயிறு எரியும்.

அதிலும் சாம்பியன் இம்மானுவேல் கொடுத்த மர மட்டை என்றால் அவருக்கு உயிர். இன்றைக்கும் அதைக் கையில் எடுத்தால் பனியில் நனைந்த புல் வாசம் அடிக்கும் அவருக்கு. அந்த நாளெல்லாம் இனி வருமா என்று ஏங்குவார்.

மகள் துர்காதேவி செல்போனில் போட்ட மட்டைகளின் படத்தைப் பார்த்துவிட்டு, போன வாரம் சென்னையிலிருந்து ராம்குமார் வந்தார். பழைய மட்டைகளைத் தேடித் தேடிச் சேர்ப்பவர். மர மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவருக்கு முகம் சுண்டிப்போனது.

"ஐயா, தலையும் தண்டும் சேர்ற கழுத்துல கறுப்பு நூல்தான் சுத்தியிருப்பாங்க. இது சிவப்பா இருக்கே. அவரோடதுன்னு எப்படி நம்புறது?"

"நான்தான் சுத்துனேன் சார். கடைசி ஆட்டத்தன்னைக்குக் காலையில பழைய நூலு பிரிஞ்சுபோச்சு. வீட்டுல இருந்து வந்த முறுக்குப் பொட்டலத்து நூலை அவுத்துச் சுத்திக் குடுத்தேன்."

வேடிக்கை பார்க்க வாசலில் நின்ற கூட்டம் கொல்லென்று சிரித்தது. சோலைச்சாமி துண்டை எடுத்து மட்டையின் கழுத்தைத் துடைத்தார்.

ராம்குமார் என்ன நினைத்தாரோ, பையிலிருந்து பழைய பத்திரிகையில் வந்த ஒரு கலர்ப் படத்தை எடுத்தார். ஒரு கையில் கோப்பையும் மறு கையில் மட்டையுமாக இம்மானுவேல். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தவர், "அடடா!" என்றார். மட்டையின் கழுத்தில் சிவப்பு நூல். பின்னால் பையோடு ஒல்லியாக சோலைச்சாமி.

செல்லக்கிளி படத்தைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். அந்தக் காலத்தில் அருப்புக்கோட்டையில் தறிக்கு நூல் சுற்றியவள் அவள்.

"ஆத்தாடி! நான் பொட்டலம் கட்டிவிட்ட நூலுல்ல இது! அப்ப இத்தனை வருசமும் நெசத்தைத்தான் சொல்லியிருக்கீகளா?" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

ராம்குமார் தயங்கித் தயங்கி, "மட்டையக் குடுப்பீங்களா ஐயா? என்ன கேட்டாலும் தர்றேன்" என்றார்.

சோலைச்சாமி மட்டையை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"எடுத்துக்கிடுங்க சார். அந்தப் படத்தை மட்டும் குடுத்துட்டுப் போங்க."