பூஜை போட்ட கியர் ஆயில்

ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் விற்பவன் பிழைப்பில் நியாயமே கிடையாது. வண்டி ஓடினால் ஓட்டியவர் கெட்டிக்காரர், நடுவழியில் நின்றால் ஆயில் விற்றவன் திருடன். திருப்பதியிலிருந்து ரேணிகுண்டா போகும் ரோட்டில் கடை வைத்திருக்கிறேன். புதுக் கார்க்காரர்கள் கம்பெனி சர்வீசுக்குப் போய்விடுவார்கள். என்னிடம் வருபவை எல்லாம் ஒரு காலத்தில் காற்றாய்ப் பறந்த பழைய கார்கள். கூடவே அவற்றைக் கட்டிக்கொண்டு அழும் மனிதர்கள். கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கும் சகோதரர்களே, உங்களுக்குச் சொன்னால்தான் இது புரியும்.

கட்சிக் கலர்

ஒவ்வொரு பழைய கியர்பாக்ஸும் ஒவ்வொரு ஆயில் கேட்கும். வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருப்பதை ஊற்றினால் பிரச்சினை இல்லை. ஆயிலின் கலர் வெறும் சாயம், அதைப் பார்த்து வாங்கக் கூடாது. இதை நான் எல்லோரிடமும் சொல்கிறேன், யாரும் கேட்பதில்லை.

ஒரு கட்சிக்காரர் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வைத்திருந்தார். அதற்கு வேண்டிய ஆயிலைத் திறந்து காட்டியதும் முகம் சுருங்கிப் போனது. எதிர்க்கட்சிக் கலராம். எந்தக் கலர் என்று நான் சொல்லமாட்டேன், கடை நடத்த வேண்டும். வேறு கலரில் கேட்டார். கலருக்காக வேறு ஆயில் ஊற்றினால் கியர்பாக்ஸ் போய்விடும் என்றேன். கடைசியில் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு சொன்னார்: "நான் இப்படித் திரும்பிக்கினு இருக்கிறேன், நீ ஊத்திடு. எவரிக்கீ செப்பொத்து அண்ணா, யார்கிட்டயும் சொல்லாதே."

ஜாக்கெட் துணி

சத்தியவேடு பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் செல்வராஜ், பெங்களூரில் ஒரு பழைய ஜெர்மன் காரை வாங்கிவிட்டார். இரண்டே கதவு, சீறிக்கொண்டு போகும் என்ஜின். ஆனால் கியர் மாறும்போதெல்லாம் முதுகில் யாரோ உதைத்த மாதிரி ஒரு குலுக்கு. அவர் மனைவி தனலட்சுமி பள்ளிக்கூடத்தில் தெலுங்கு டீச்சர். கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம்: சனிக்கிழமை திருமலைக்குப் போக வேண்டும், நிற்காமல் மலையேறினால் கார் வீட்டில் இருக்கலாம், நின்றால் திங்கட்கிழமை பழைய இரும்புக் கடைக்கு. சொல்லும்போதே செல்வராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது.

கியர்பாக்ஸில் இருந்த பழைய ஆயிலை ஊறுகாய் பாட்டிலில் கொண்டுவந்திருந்தார். கன்னங்கரேல் என்று, தீய்ந்த வாடையோடு இருந்தது. நான் புத்தகத்தைப் பார்த்துச் சரியான ஆயிலை எடுத்து வைத்தேன். அவர் இரண்டையும் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்துப் பார்த்தார். நகரி ஜவுளிக்கடையில் புடவைக்கு ஜாக்கெட் துணி எடுக்கிற பெண்கள்கூட அவ்வளவு நேரம் பார்க்கமாட்டார்கள். திரும்பி வந்து டப்பாவைக் கவுண்டரில் வைத்தார். "மேட்ச் ஆகலண்ணா. இதே கறுப்புல இருந்தா குடு."

அமெரிக்கா மச்சான்

கெட்டுப்போன ஆயில்தான் கறுக்கும் என்று நான் விளக்கியும் நம்பிக்கை வராமல், அமெரிக்காவில் இருக்கும் மச்சானுக்கு வீடியோ கால் போட்டு என் கையில் கொடுத்தார். மச்சான் புதிதாக வந்திருக்கும் மெலிசான ஆயில்தான் உசத்தி என்றார். அது புது வண்டிகளுக்கு, இந்தப் பழைய கியர்பாக்ஸுக்குக் கொஞ்சம் கெட்டியானதுதான் வேண்டும் என்று நான் சொல்ல, அவர் விடவில்லை. வாய் வலித்துப்போய், நீங்கள் என்ன கார் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "எனக்குக் கார் இல்லீங்க, ரயில்லதான் வேலைக்குப் போறேன். ஆனா வீடியோ நிறைய பாக்கறேன்."

ராகு காலம்

வெள்ளிக்கிழமை காலை, பக்கத்து ஷெட்டில் மெக்கானிக் ரகீம் பாய் பழைய ஆயிலை வடித்து முடித்தார். நான் கொடுத்த புது ஆயில் டப்பாவைத் திறக்கும்போது செல்வராஜ் ஓடிவந்து கையைப் பிடித்தார். ராகு காலம் ஆரம்பித்துவிட்டதாம். கெட்டது வெளியே போகலாம், நல்லது உள்ளே வரக் கூடாதாம். கார் காலி வயிற்றோடு ஷெட்டை அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் இரண்டு வேன்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. செல்வராஜ் அசையவில்லை. வண்டி மலையேறினால் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டிருப்பதை அப்போதுதான் என்னிடம் சொன்னார்.

ராகு காலம் முடிந்தபோது ரகீம் பாய் பள்ளிவாசலுக்குக் கிளம்பிவிட்டார். நீங்களே ஊற்றிக்கொள்ளுங்கள், என்ஜின் சூடான பிறகு ஓடவிட்டபடியே அளவு பாருங்கள், அப்போது கடைசி டப்பாவையும் ஊற்ற வேண்டியிருக்கும் என்று செல்வராஜிடம் படித்துப் படித்துச் சொன்னார். பைக்கில் ஏறும்போது தாங்கமுடியாமல் ஒன்று கேட்டார். "உனக்கு ராகு காலம் முடியும்போது எனக்கு ஜும்மா தொழுகை. உன் வண்டி இன்னா பெட்ரோல்ல ஓடுதா, பஞ்சாங்கத்துல ஓடுதா?"

இரண்டு மொட்டை

சனிக்கிழமை முழுவதும் போன் அடித்தாலே கார் நின்றுவிட்டதோ என்று பயம். சாயங்காலம் அந்தக் கார் குலுங்காமல், வழுக்கிக்கொண்டு என் கடை வாசலில் வந்து நின்றது. ஸ்டியரிங் பிடித்தவர் தலையில் சந்தனம் பூசிய மொட்டை. செல்வராஜ் வேண்டுதலை முடித்துவிட்டார் என்று சந்தோஷமாக ஓடினேன். பக்கத்து சீட்டில் இன்னொரு மொட்டை. அதுதான் செல்வராஜ். ஓட்டிவந்தவர் தனலட்சுமி டீச்சர்.

நடந்ததை செல்வராஜ்தான் ஈனசுரத்தில் சொன்னார். கடைசி டப்பாவை அவர் ஊற்றவே இல்லை. குங்குமப் பொட்டு வைத்து, மலையடிவாரத்தில் அலிபிரியில் காரோடு சேர்த்து அதற்கும் பூஜை போட்டிருக்கிறார். பூஜை போட்டதைத் திறக்க மனசு வராமல் டிக்கியில் பத்திரமாக வைத்துவிட்டார். குறைந்த ஆயிலோடு கார் எப்படியோ மலையேறிவிட்டது. அவர் குஷியாகப் போய் மொட்டை போட்டார். தரிசனம் முடித்து வந்து காரை எடுத்தால் ரிவர்ஸ் விழவில்லை. ரிவர்ஸுக்குத்தான் ஆயில் அழுத்தம் அதிகம் வேண்டும். முன்னால் சுவர், பின்னால் போக வழியில்லை. டீச்சர் முகம் மலர்ந்துபோய் நேராக முடி இறக்கும் கல்யாணகட்டாவுக்குப் போய் அவரும் மொட்டை போட்டுக்கொண்டு வந்தாராம். கார் நிற்க வேண்டும் என்பது அவர் வேண்டுதல்.

திரும்பி வந்து லட்டுப் பையை வைக்க டிக்கியைத் திறந்தவர் பொட்டு வைத்த டப்பாவைப் பார்த்தார். விஷயம் தெரிந்ததும், வீடு போய்ச் சேர வேண்டுமே என்று என்ஜினை ஓடவிட்டு, பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி அவரே ஊற்றிவிட்டார். ரிவர்ஸ் வெண்ணெய் மாதிரி விழுந்தது. சாவியைச் செல்வராஜிடம் திருப்பிக் கொடுக்காமல் மலையிலிருந்து டீச்சரே ஓட்டிக்கொண்டு இறங்கினார். பிறந்த வீட்டுக் காரை ஓட்டிப் பழகிய கை.

அப்படியானால் திங்கட்கிழமை இரும்புக் கடை உண்டா இல்லையா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். டீச்சர் கண்ணாடியில் தன் மொட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். "ஏறினதுக்கு அவரு முடி குடுத்தாரு, நின்னதுக்கு நான் முடி குடுத்தேன். இம்மாம் முடி குடுத்த வண்டியை யாராவது இரும்புக்குப் போடுவாங்களா அண்ணா? இனிமே இது என்னுது, அவரு என் ஸ்கூட்டர்ல வரட்டும்."

சரியான ஆயிலை எடுத்துக் கொடுப்பது என் வேலை, அது டப்பாவை விட்டு கியர்பாக்ஸுக்குள் போய்ச் சேர இரண்டு பேர் மொட்டை போட வேண்டியிருக்கிறது என்றால் அதற்கு நான் என்ன செய்வேன், சொல்லுங்கள்.