கல்லில் ஏறாத லிஸ்பெத்

கிடியோன் ரூலேனுக்குக் குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. இருந்திருந்தால் அந்தக் குடும்பம் பிழைத்திருக்கும். அவருக்கு இருந்த ஒரே பைத்தியம், செத்துப்போனவர்கள்மேல்.

கேப் டவுனுக்கு அப்பால், மலைக்குப் பின்னால் திராட்சை விளையும் வாகன்டால் ஊரில் ரயிலுக்குக் கைகாட்டி இறக்கும் வேலை அவருக்கு. ஊரில் பாதிப் பேர் ரூலேன்கள். முதல் ரூலேனான பியேர், மதச் சண்டையில் பிரான்ஸை விட்டு ஓடி, டச்சுக்காரன் கப்பலில் தொற்றிக்கொண்டு வந்து இறங்கி இருநூற்றைம்பது வருஷம் தாண்டிவிட்டது. தோட்டம், பெரிய வீடு, கோயிலில் மூப்பர் பதவி எல்லாம் பெரியப்பா மகன் ஆட்ரியானிடம் போய்ச் சேர்ந்தன. கிடியோனுக்கு மிஞ்சியது பெயர்தான். அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினார் மனுஷன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மற்றவர்கள் ஆட்டிறைச்சி சுடப் போவார்கள். இவர் கம்பித் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு கல்லறைக் கற்களில் பாசி சுரண்டப் போவார்.

பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பதில் அங்கே யாரும் மூளையைச் செலவழிப்பதில்லை. மூத்த பையனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர், பெண்களுக்குப் பாட்டிமார் பெயர். பேத்தியின் பெயர் தெரிந்தால் பாட்டியைப் பிடித்துவிடலாம். கல் உடைந்த இடத்தில்கூட கிடியோன் அந்த வழக்கத்தைப் பற்றிக்கொண்டு மேலே ஏறிவிடுவார். எந்தத் தலைமுறையிலும் ஒரு லிஸ்பெத் இருந்தாள். ஆட்ரியானின் மகள் லிஸ்பெத். கிடியோனின் ஒரே பெண்ணும் லிஸ்பெத். ஏறிக்கொண்டே போனால் உச்சியில் பியேரின் மனைவி லிஸ்பெத். அவள் பிரான்ஸிலிருந்து வந்தவள் அல்ல என்று கோயிலின் பழைய பதிவேடு சொன்னது. சோழமண்டலக் கரையில் பிடித்துக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து விற்ற அடிமைப் பெண். பியேர் அவளை மீட்டுக் கல்யாணம் செய்துகொண்டார்.

கண்டுபிடித்ததை மனதோடு வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் குடும்ப விழா வந்தது. கோயில் வாசலில் பியேருக்கும் மனைவிக்கும் கல் நாட்டப்போகிறார்கள். கிடியோன்தான் வம்ச மரம் எழுதித் தர வேண்டும். அந்தக் காலத்தில் அரசாங்கம் ஆளுக்கு ஆள் நிறம் பார்த்து அட்டை எழுதிக்கொண்டிருந்தது. கிடியோனின் மகளுக்குக் கறுகறுவென்ற முடி, மாநிறம். பள்ளிக்கூடத்தில் ‘காபித்தூள்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகளின் பள்ளியில் அவளை விட்டுவைப்பார்களா என்பதுதான் அவர் மனைவி ஹெஸ்டரின் ஒரே கவலை.

“அந்தப் பேரை எழுதாதீங்க” என்றாள். “நம்ம புள்ளை மூஞ்சியப் பாருங்க. ஊருக்கு நீங்களே எடுத்துக் குடுக்கணுமா?”

“ஊருல பாதிப் பேருக்கு அவதான் பாட்டி, ஹெஸ்டர். யாரு யாரைச் சொல்ல முடியும்?”

இப்படியும் ஒரு அப்பாவி உண்டா? உச்சியில் ‘சோழமண்டலக் கரை லிஸ்பெத்’ என்று எழுதியே மரத்தை மண்டபத்தில் மாட்டினார். பால் டார்ட் என்ற இனிப்பை வெட்டிக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன. ஆட்ரியான் அவர் தோளைப் பிடித்துக் கொல்லைப்பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

“ஏண்டா, இது எனக்குத் தெரியாதுன்னா நினைச்சே? எங்கப்பாவுக்குத் தெரியும், தாத்தாவுக்கும் தெரியும். யாராச்சும் வாயைத் தொறந்தாங்களா?”

“உண்மைதானேண்ணே.”

“உண்மைய வச்சு நாக்கு வழிக்கிறதா?”

விழா முடிந்த கையோடு பெற்றோர்கள் பள்ளியில் புகார் கொடுத்தார்கள். புகார் கொடுத்தவர்களும் ரூலேன்கள்தான். எல்லோரும் அதே லிஸ்பெத்தின் பேரப்பிள்ளைகள். ஆனால் அவர்கள் முடி வைக்கோல் நிறம், தப்பித்துக்கொண்டார்கள். குழந்தையை அனுப்ப வேண்டாம் என்று ஆள் வந்தது. பள்ளிக் குழுவின் தலைவர் ஆட்ரியான். கிடியோன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய் நின்றார்.

“உன் கையாலேயே அந்தப் பேரை வெட்டு” என்றார் ஆட்ரியான். “பியேர் பொண்டாட்டி பிரெஞ்சுக்காரி, நான் எழுதினது தப்புன்னு கையெழுத்துப் போடு. அப்புறம் புள்ளையப் பத்திப் பேசலாம்.”

இருபது வருஷம் பாசி சுரண்டிக் கண்டெடுத்தவளை ஒரே கோட்டில் அடித்தார் கிடியோன். அந்த இடத்தில் ‘மரி’ என்று வாய்க்கு வந்த ஒரு பெயரை எழுதினார். பிள்ளைக்காக என்று சொல்லிக்கொண்டார். அதுவரை நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

பள்ளிக் குழு கூடியது. கிடியோன், ஹெஸ்டர், நடுவில் குழந்தை மூவரும் நின்றுகொண்டிருந்தார்கள். ஆட்ரியான் காகிதத்தைச் சத்தமாகப் படித்து முடித்து, குழந்தையை நிதானமாக ஏற இறங்கப் பார்த்தார்.

“அப்ப ரூலேன் ரத்தத்துல ஒண்ணும் கலக்கலை. கிடியோனே எழுதிக் குடுத்துட்டான். பின்ன இந்தப் புள்ளைக்கு இந்த நிறம் எங்கேருந்து வந்துச்சு? அதை அவன் பொண்டாட்டியத்தான் கேக்கணும்.”

யாரோ சிரித்தார்கள். ஹெஸ்டர் புருஷனைப் பார்த்தாள்.

“சொல்லுங்க” என்றாள். “செத்தவங்களப் பத்தி விடிய விடியப் பேசுவீங்களே. உயிரோட நிக்கிறவளுக்காக ஒரு வார்த்தை சொல்லுங்க.”

கிடியோன் காகிதத்தைப் பார்த்தார், ஆட்ரியானைப் பார்த்தார். வாயைத் திறந்தால் கையெழுத்து பொய்யாகும், குழந்தைக்குப் பள்ளி போகும். திறக்காவிட்டால் பெண்டாட்டி மானம் போகும். குழந்தைக்குப் பள்ளி ஏற்கெனவே போய்விட்டது என்பது அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் புரியவில்லை. வாயைத் திறக்காமலே நின்றார், பாவி மனுஷன்.

ஹெஸ்டர் மகளைக் கூட்டிக்கொண்டு கேப் டவுனுக்கு ரயில் ஏறினாள். கலப்பு நிறத்தார் குடியிருக்கும் தெருவில் ஓர் அறை பிடித்து, துணி தைத்து மகளைப் படிக்கவைத்தாள். அன்றைக்கு அந்த ரயிலுக்குக் கைகாட்டி இறக்கியதும் கிடியோன்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

விழாவன்று நிறுத்திவைத்த கல்லைப் பிறகு நாட்டினார்கள். ‘பியேர் ரூலேன், மனைவி மரி’ என்று பளபளவென்று இருக்கிறது. சில வருஷம் கழித்து ஆட்ரியானின் பேத்திக்கு ஞானஸ்நானம். குழந்தை வெண்ணெய் மாதிரி இருந்தது. பெயர் என்ன என்று போதகர் கேட்டார். வழக்கம் வழக்கம்தானே, பாட்டி பெயரையே சொன்னார்கள்.

லிஸ்பெத் என்று சொல்லிப் போதகர் அந்த வெள்ளைத் தலையில் தண்ணீர் தெளித்தார். சபையே ஆமென் சொன்னது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த கிடியோனும் சொன்னார்.