நான் செய்யாத நான்கு வருடங்கள்

என் நோயை முதலில் கண்டுபிடித்தவள் ஷமீமா. பெரம்பலூர் நர்சிங் பள்ளி விடுதியில் என் பக்கத்துக் கட்டில்காரி, லப்பைக்குடிக்காட்டுப் பெண். இரண்டாம் வருடத்தில் ஸ்டெதாஸ்கோப் பயிற்சி வந்தபோது டியூட்டர் எங்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒருவர் நெஞ்சை ஒருவர் கேட்கச் சொன்னார். ஷமீமா என் இடது மார்புக்குக் கீழே வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

“அடியே செல்வி, ஒன் நெஞ்சுக்குள்ள என்னமோ உருளுதுடி.”

“காலைல தின்ன உப்புமாவா இருக்கும்” என்றேன். சிரித்தோம். அதட்ட வந்த டியூட்டர் தானும் வைத்துக் கேட்டார். அவர் முகம் மாறியது. பிறகு வகுப்பு முழுவதையும் வரிசையாக வரச் சொல்லி என் நெஞ்சைக் கேட்க வைத்தார். புத்தகத்தில் படித்த சத்தம் இப்படிக் கையெட்டும் தூரத்தில் கிடைக்குமா? நானும் பாடத்துக்கு உதவுகிற பெருமையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். ஷமீமா மட்டும் சன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

மூச்சு வாங்குவது அதற்கு முன்பே இருந்தது. விடுதியின் இரண்டாவது மாடிக்கு ஏறினால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அங்கே இருந்த எல்லோரும் அரை நர்சுகள். ரத்தச்சோகை என்று அவர்களே முடிவு செய்து, அவரவர் தட்டுப் பீட்ரூட்டை எல்லாம் என் தட்டில் கொட்டினார்கள். எனக்கும் வேறு ஏதாவது இருக்கும் என்று தோன்றவில்லை.

திருச்சியில் எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் சோதனை) எடுத்தார்கள். மைட்ரல் ஸ்டெனோசிஸ் என்றார்கள் (இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள வால்வு சுருங்கிப்போவது). சிறு வயதில் எனக்கு முழங்கால் இரண்டும் வீங்கிக் காய்ச்சல் வந்ததுண்டு. அம்மா பற்றுப் போட்டார், வீக்கம் வடிந்தது, எல்லோரும் மறந்துவிட்டோம். அது ருமாட்டிக் காய்ச்சலாம் (தொண்டைப்புண்ணுக்குப் பின்னால் வந்து இதய வால்வைக் கெடுக்கக்கூடிய காய்ச்சல்).

“பலூன் போட்டு விரிக்க முடியாதும்மா. வால்வு ரொம்பக் கெட்டுப்போச்சு. மாத்தணும்” என்றார் மருத்துவர்.

நான் கேட்ட முதல் கேள்வி, “வேலை பாக்கலாங்களா சார்?”

“மொதல்ல ஆபரேஷனைப் பாப்போம்” என்றார்.

ஏன் அப்படிக் கேட்டேன் என்று சொல்ல வேண்டும். எங்களைப் படிக்க வைத்தது ஓர் அறக்கட்டளை. அரியலூர்ப் பக்கம் அவர்களுக்கு ஒரு சிறிய மருத்துவமனை உண்டு. வெளியூர் நர்சுகள் அங்கே தங்குவதில்லை. சிமெண்டுத் தூசியைப் பார்த்ததும் அடுத்த ரயிலில் ஏறிவிடுவார்கள். அதனால் சுற்றுவட்டாரப் பெண்களாகப் பார்த்துப் படிப்புச் செலவைக் கடனாகக் கொடுத்தார்கள். படித்து முடித்து நான்கு வருடம் அங்கே வேலை செய்தால் கடன் கழிந்துவிடும், ஒரு பைசா கட்ட வேண்டாம். செய்யாவிட்டால் முழுவதையும் திருப்பித் தர வேண்டும். நேர்முகத்தில் ஏன் இங்கேயே இருப்பாய் என்று கேட்டபோது மற்ற பெண்கள் சேவை, தியாகம் என்றார்கள். நான் “வேற ஊரு தெரியாதுங்க” என்றேன். சிரித்துக்கொண்டே எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் வார்டுக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் எனக்கு அந்த வேலை மீது ஆசை வந்தது. ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா, பிள்ளை பெற்ற மூன்றாம் நாளாகியும் யாரிடமும் வாய் திறக்காமல் கிடந்தவர், நான் பேசியதும் “எங்க ஊருப் பேச்சுல்ல பேசுது இந்தப் புள்ள” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு வலி எங்கே என்று சொன்னார். அந்த நான்கு வருடத்தை மற்றவர்கள் கடனாகப் பார்த்தார்கள். நான் அதற்காகவே காத்திருந்தேன்.

சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை. அரியலூரில் ரயில் ஏறும்போது அப்பா என்னை நடக்கவிடாமல் பெட்டி வரை தாங்கிப் பிடித்துக்கொண்டு போனார். அவர் சுண்ணாம்புக்கல் லாரியில் லோடு ஏற்றுகிறவர். நான் புறப்படும்போது அரியலூர் தனி மாவட்டமாக இருந்தது. எல்லாம் முடிந்து, தேர்வெழுதித் திரும்புவதற்குள் மறுபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். அரசாங்கத்துக்கே இணைப்பதும் பிரிப்பதும் எளிதாக இல்லை, என் நெஞ்செலும்பு என்ன செய்யும்?

நெஞ்சை நடுவில் பிளந்து, கெட்ட வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். நினைவு திரும்பியபோது வாயில் குழாய். பேச முடியாது. என்னைத் திருப்பிப் படுக்க வைத்த நர்சு கையை எங்கே வைக்கிறார், கழுத்தை எப்படித் தாங்குகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அடுத்து என்ன செய்வார் என்றும் தெரிந்தது. தெரிந்து என்ன பயன்? அவர் வரும் வரை ஒரு பக்கமாகவே கிடந்தேன். அதைப் போன்ற கையாலாகாத்தனத்தை அதற்கு முன் நான் அறிந்ததில்லை.

இனி ஆயுள் முழுவதும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை. மாதம் ஒரு முறை பி.டி. சோதனை (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை அளப்பது). இதே நிலையில் இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: மாத்திரையை விடாதீர்கள். பக்கத்து வீட்டில் ஒடித்துக் கொடுத்தார்கள் என்று தினமும் முருங்கைக்கீரை தின்றுவிடாதீர்கள், மாத்திரையின் வேலை கெட்டுவிடும். நான் தின்று, அந்த மாதம் நன்றாகத் திட்டு வாங்கினேன்.

ஆறு மாதம் வீணாகி, அடுத்த அணியோடு தேர்வெழுதித் தேறினேன். சென்னை மருத்துவர் தெளிவாகவே சொல்லி அனுப்பினார்: “நைட் டூட்டி வேணாம், பேஷண்டைத் தூக்க வேணாம். மத்தபடி ஓ.பி.ல தாராளமா வேலை பாக்கலாம்.” அதைச் சொல்வதற்காக அப்பாவோடு அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போனேன். வெள்ளைப் புடவையைக்கூட வாங்கிவிட்டேன்.

செயலாளர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், காபி வரவழைத்தார்.

“கமிட்டில பேசிட்டோம்மா. ஒங்க கடன் முழுசையும் ரத்து பண்ணியாச்சு. நீங்க வேலைக்கு வர வேணாம். ஒடம்பைப் பாத்துக்குங்க.”

அப்பா எழுந்து கும்பிட்டார். அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது.

“சார், நான் வேலை பாக்குறேன் சார். ஓ.பி.ல போடுங்க. ஊசி போடுவேன், கட்டுக் கட்டுவேன்.”

“ஊசி ஒங்க கையில குத்திருச்சுன்னா ரத்தம் நிக்காதேம்மா. நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது? அதான் கழிச்சு விட்டுட்டோமே, இன்னும் ஏம்மா கஷ்டப்படணும்?”

தண்டனை என்றால் எதிர்த்துச் சண்டை போடலாம். இரக்கத்தோடு யார் சண்டை போட முடியும்? நன்றி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் அப்பா மைசூர்பாகு வாங்கினார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

“எதுக்குப்பா இனிப்பு?”

“ஒந் தலையில இருந்த பாரம் எறங்கிருச்சேம்மா.”

“எனக்கு அந்த வேலை வேணும்ப்பா.”

“எனக்கு நீ வேணும்” என்றார். பொட்டலத்தைப் பிரிக்காமலே மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

பெரம்பலூரில் இரண்டு தனியார் மருத்துவமனைகளில் கேட்டேன். இரண்டிலும் ஒரே கேள்வி: “படிக்க வச்சவங்களே ஏங்க ஒங்களை எடுத்துக்கல?” அவர்கள் கடனைத் தள்ளிவிட்டார்கள் என்றதும், அப்படியானால் இவள் எவ்வளவு பெரிய நோயாளியோ என்று பார்த்தார்கள். ஊரில் எல்லோரும் நல்ல காலம் என்று சொன்ன ஒன்று, போகிற இடமெல்லாம் எனக்கு முன்னால் போய் நின்றது.

உலோக வால்வு சத்தம் போடும். ‘டிக், டிக்’ என்று அமைதியான அறையில் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். ஜெயங்கொண்டம் பஸ்ஸில் ஓர் அம்மா “ஒன் வாச்சு சத்தமாம்மா?” என்று கேட்டார். என் கையில் கடிகாரமே இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள் இருந்த நேரம் முழுவதும் அம்மா டி.வி.யை அலற விட்டிருந்தார். எதிர் வீட்டுக்காரர் வந்து சத்தத்தைக் குறைக்கச் சொன்னதுதான் மிச்சம். தழும்பைப் பற்றி நானே சொல்லிவிட்டேன். அவர்கள் காபியை முடித்துக்கொண்டு எழுந்தார்கள்.

மாதச் சோதனைக்கு நான் போவது அறக்கட்டளையின் அதே மருத்துவமனைக்குத்தான். பக்கத்தில் வேறு இல்லை. ஷமீமாதான் ரத்தம் எடுப்பாள். “நரம்பைக் காட்டுடி, ஒளிச்சு வைக்காத” என்பாள். அவளுடைய நான்கு வருடமும் ஓடிவிட்டது. கடன் கழிந்தது. சவுதியில் வேலை கிடைத்து, போவதற்கு முந்தைய வாரம், “எப்படா முடியும்னு ஆயிருச்சுடி” என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் அவள் மீது வருத்தப்படவில்லை. அவள் காலம் முடிந்தது, என்னுடையது தொடங்கவே இல்லை. ஒரு மாத்திரைக்கும் அடுத்த மாத்திரைக்கும் நடுவில் உள்ளதுதான் எனக்கு நாள்.

அடுத்த மாதம் போனபோது ஷமீமாவின் இடத்தில் ஒரு புதுப் பெண். அவளும் கடனில் படித்தவள்தான். என்னைத் தெரியாது. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர் ஒருவர் தலை சுற்றிச் சரிந்தார். நான் எப்போது எழுந்தேன் என்றே தெரியவில்லை. அவரைத் தரையில் படுக்க வைத்து, காலைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, மணிக்கட்டில் விரல் வைத்திருந்தேன். நாடி மெதுவாக, ஆனால் ஒழுங்காக இருந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்று அவர் மகனிடம் சொல்ல வாயெடுத்தேன்.

புதுப் பெண் ஓடி வந்தாள். என் தோளைத் தொட்டு விலக்கினாள்.

“பேஷண்டெல்லாம் போய் பெஞ்சில உக்காருங்க. காத்து வரட்டும்.”

அவள் சொன்னது சரிதான். அவள் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். பெரியவரின் கையை அவள் கையில் கொடுத்துவிட்டு, பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.