பித்தளைச் சல்லடை

நான் செய்த தவற்றுக்காக இன்னொரு மனிதர் வேலை இழந்தார். தவறு என்னுடையது என்று எனக்கு அப்போதே தெரியும். வாயைத் திறக்கவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில் பாதையை ஒட்டியிருந்த ஒரு பட்டறையில் நான் வரைபடக்காரன். எந்தப் பாகத்தை எதில் செய்வது என்று எழுதித் தருவதும் என் பொறுப்புதான். அடி வாங்கும் இடத்தில் வார்ப்பிரும்பு கூடாது, மின்சாரப் பிடிக்கு எபனைட் என்கிற கெட்டி ரப்பர் என்று வருடக்கணக்கில் எழுதியிருக்கிறேன்.

கிள்ளானுக்கு அருகே ஒரு தோட்டத்திலிருந்து ரப்பர் பால் வடிக்க அலுமினியச் சல்லடை கேட்டிருந்தார்கள். அலுமினியத் தகடு கப்பலில் வந்து சேரவில்லை. பித்தளை வலை கிடங்கில் கிடந்தது. ரப்பருக்குச் செம்பு விஷம், பித்தளையில் பெரும்பகுதி செம்பு; இதை நான் படித்திருந்தேன். பால் சல்லடையில் நிற்கவா போகிறது, ஓடித்தானே போகிறது என்று எண்ணிப் பித்தளை என்று எழுதிவிட்டேன்.

பொருத்துவதற்கு நானே போனேன். ரப்பர் பாலைச் சேர்த்துப் பதப்படுத்தும் பால் ஸ்டோரில் ரப்பர் ஷீட் போடுகிறவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இதை எப்படிச் சுத்தமாக வைத்துக்கொள்வது என்று கேட்டார். எழுத்து வேலைக்காரன் என்று என்னைக் கிராணி ஐயா என்றே கூப்பிட்டார்.

“வீட்டுக் குத்துவிளக்கைத் துலக்குற மாதிரி புளி போட்டுத் தேய். போதும்,” என்றேன்.

சில மாதங்களில், தோட்டம் அனுப்பிய ஷீட்டுகள் பிசுபிசுத்துப் போயின என்று திரும்பி வந்தன. ஷீட் அழுத்தும் உருளைகளைச் சோதிக்க என்னை அழைத்தார்கள். சல்லடை விளக்கைப் போல மின்னியது. புளி எட்டாத விளிம்பில் மட்டும் பச்சைக் களிம்பு. அதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. இயந்திரம் சரியாக இருக்கிறதா என்று தோட்டத்து நிர்வாகியான துரை கேட்டார். இயந்திரம் சரியாக இருக்கிறது என்றேன். அது பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஷீட் போடுகிறவர் பாலை உறைய வைக்கும் திராவகத்தை அளவு தப்பி ஊற்றியிருக்கிறார் என்று முடிவாயிற்று. வேலை போய், அந்த வாரமே தொழிலாளர் லயத்து வீட்டைக் காலி செய்துகொண்டு, மனைவியோடு டெங்கில் பக்கம் இன்னொரு தோட்டத்துக்குப் புல்வெட்டு வேலைக்குப் போய்விட்டார்.

இரண்டு வருடம் சும்மா இருந்தேன். பிறகு வேறொரு தோட்டம் அதே மாதிரி சல்லடை கேட்டது. பித்தளை என்று எழுதக் கை வரவில்லை. அன்றே பழைய துரைக்கு எல்லாவற்றையும் எழுதினேன். பதில் இரண்டு வரி: சல்லடையை மாற்றியாயிற்று, அந்த இடத்தில் வேறு ஆள் இருக்கிறார். கடிதத்தின் நகலைப் படித்த என் மேலாளர் என்னைப் பழைய வரைபடங்களைப் பிரதியெடுக்கும் மேசைக்கு மாற்றினார். ஓய்வு பெறும்வரை அதே மேசைதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டெங்கிலுக்குப் போனேன். லயத்துக் குழாயடியில் அவர் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொல்லி முடித்தேன். அவர் குழாயை மூடினார்.

“அப்போ நான் தேய்ச்சதும் தப்புதானாங்க, கிராணி ஐயா?”

“நான் சொல்லித்தானே தேய்ச்சீங்க.”

“தினமும் தேய்ச்சேன்லா. ஞாயித்துக்கிழமைகூட விடல.”

தேய்க்கத் தேய்க்கப் புதுச் செம்பு பாலில் பட்டிருக்கும். அதை நான் சொல்லவில்லை; அவருக்கே விளங்கிவிட்டது.

பிறகு சொன்னார்: “இங்க எனக்குப் பேரே பால்கெடுத்தான்தான். வந்தது வந்தீங்க, நீங்களே எல்லார்கிட்டயும் சொல்லிட்டுப் போயிடுங்க.”

குழாயடியில் கூடியவர்களுக்கு, துரைக்கு நான் எழுதிய கடிதத்தைத் தமிழில் சொன்னேன். அப்படியானால் இவரை மறுபடி ஸ்டோருக்கு எடுப்பார்களா என்று அவர் மனைவி கேட்டார். இல்லை என்றேன். அந்த அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த வருடம் மறுபடி போனேன். லயத்து ஆட்கள் இன்னும் அவரைப் பால்கெடுத்தான் என்றே கூப்பிட்டார்கள். கேலி இல்லை, பழகிப்போய்விட்டது. அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தார்.