சோறு காரில் வந்த நாள்

பஞ்சாலையின் பெரிய கேட்டுக்கு முன்னால் ஒரு கறுப்புக் கார் வந்து நின்றதையும், அதன் பின்கதவைத் திறந்து டிரைவர் ஒருவர் சோற்றுக் கூடையை இறக்கி வைத்ததையும் நான் நேரில் பார்க்கவில்லை. எத்தனையோ பேர் சொல்லிச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்த்தது போலவே எனக்கு ஆகிவிட்டது. கூடையில் பதினெட்டு சாப்பாட்டுக் காரியர்கள் இருந்தன. இரண்டு நசுங்கியிருந்தன. ஒன்றிலிருந்து வழிந்த புளிக்குழம்பு டிரைவரின் வெள்ளைச் சட்டையில் முழங்கை வரை ஏறியிருந்தது. சாப்பாட்டுச் சங்கு ஊதி வெளியே வந்த தறிக்காரர் ஒருவர், "என்னாடா இது, நம்ம அக்கா கட்டின குதிரை ரேஸ்ல ஜெயிச்சிடுச்சா? சோறு காருல வருது!" என்று கத்த, கேட் முழுக்கச் சிரித்ததாம். அவர் அக்கா என்று சொன்னது என் அத்தையை. அந்த நேரத்தில் அத்தை ஒக்கலிபுரம் ரயில் பாலத்துக்குப் பக்கத்தில், வலது காலை நீட்டியபடி, எழுந்திருக்க முடியாமல் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தாள்.

அத்தை என் அப்பாவின் அக்கா. மாமா இறந்த பிறகு ஸ்ரீராம்புரத்தில் எங்களுடனேயே இருந்தாள். காலை பத்து மணிக்குத் தெருத்தெருவாகப் போய் மில் ஆட்களின் வீடுகளில் சாப்பாட்டை வாங்கிக் கூடையில் அடுக்குவாள். சும்மாடு வைத்துக் கூடையைத் தலையில் ஏற்றினால் மில் கேட்டில்தான் இறக்குவாள். அவளுக்கு எழுத்து தெரியாது. ஒவ்வொரு காரியரின் கைப்பிடியிலும் ஒரு நிறத்தில் நூல் கட்டியிருப்பாள். மஞ்சள் நூல் யார், பச்சையும் சிவப்பும் சேர்ந்தது யார் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஒருவர் சோறு இன்னொருவருக்குப் போனதாக ஒரு புகார் வந்ததில்லை. மில்லில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம்தான். பன்னிரண்டு மணிச் சங்கு ஊதும்போது கூடை கேட்டில் இல்லாவிட்டால் பதினெட்டு பேர் பட்டினியோடு தறிக்குத் திரும்ப வேண்டும். அத்தை ஒரு நாளும் சங்குக்குப் பிந்தியதில்லை. இதை அவள் சொல்லும் விதத்தில், என் எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழை நான் எடுத்துக் காட்டும்போது இருக்கும் அதே பெருமை இருக்கும்.

அன்று அந்தக் கார் அத்தையை இடித்ததும் கூட்டம் கூடி டிரைவரின் சட்டையைப் பிடித்துவிட்டது. அடி விழப்போகிற நேரம். தரையில் கிடந்த அத்தை போட்ட சத்தத்தில் எல்லாரும் நின்றுவிட்டார்களாம். "அவனை அடிச்சிட்டா சோத்த எவன் கொண்டுபோறது? நீ போறியா? சங்கு ஊதிடும், மொதல்ல கூடைய கார்ல ஏத்துங்கடா!" யாரும் காரின் நம்பரைக் குறித்துக்கொள்ளவில்லை. போலீசைக் கூப்பிடவில்லை. சிதறிய காரியர்களைப் பொறுக்கிக் கூடையில் அடுக்கி, இடித்த காரிலேயே ஏற்றி, இடித்தவனையே மில்லுக்கு அனுப்பினார்கள். வேறு எந்த ஊரிலாவது, வேறு யாராவது இப்படிச் செய்திருப்பார்களா என்று எனக்குத் தெரியவில்லை. ஓடிப்போயிருக்கலாம், ஆனால் அந்த டிரைவர் திரும்பி வந்தார். அத்தையைத் தூக்கி, கூடை இருந்த பின்சீட்டில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம் அழுதாராம். "அக்கா, கேஸ் ஆச்சுன்னா லைசன்ஸ் போயிடும்கா. மூணு புள்ளைங்க. மொதலாளிகிட்ட சொல்லி எல்லாம் நான் பாத்துக்கறேன்." டாக்டர் கேட்டபோது அத்தை, "கால் தடுக்கி விழுந்துட்டேங்க" என்றாள். ஆஸ்பத்திரிச் சீட்டிலும் அப்படியே எழுதினார்கள்.

தொடையெலும்பு உடைந்திருந்தது. மாவுக்கட்டு போட்டார்கள். டிரைவர் இரண்டு முறை ரொட்டியும் பழமும் வாங்கிக்கொண்டு வந்தார். மூன்றாம் முறை வரவில்லை. எலும்பு கூடினாலும் கால் குட்டையாகத்தான் இருக்கும், இனி தலையில் சுமை வைத்து நடக்க முடியாது என்று டாக்டர் சொன்ன பிறகு, டிரைவர் சொல்லியிருந்த அடையாளத்தை வைத்து, மல்லேஸ்வரத்தில் இருந்த கார் முதலாளியின் வீட்டைத் தேடிக்கொண்டு நானும் அப்பாவும் போனோம். அவர் வாசலிலேயே நிற்கவைத்துப் பேசினார். "நம்ம காரா? அந்தப் பக்கமே போனதில்லையே. ஆஸ்பத்திரி சீட்டுல என்ன எழுதியிருக்கு?" அப்பா ரயில்வேயில் கூலி வேலை பார்த்தவர். கார் வைத்திருப்பவர் ஒன்றைச் சொன்னால் அதற்கு மேல் பேச அவருக்குத் தெரியாது. தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்தார். எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது.

அப்போது நான் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கும் வேலையில் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறியது நான்தான் முதல். மனுக்களை டைப் அடித்து அடித்தே, சட்டம் தெரிந்தவள் என்ற எண்ணம் எனக்குள் வந்துவிட்டிருந்தது. மறுநாள் வக்கீலிடம் சொன்னேன். அவர் முதலில் கேட்டது, "எத்தனை நாளாச்சு?" என்றுதான். விரல் விட்டு எண்ணி, நாற்பத்தாறு என்றேன். "அறுபது நாளுக்குள்ள போட்டாகணும்மா. இன்னும் நேரம் இருக்கு" என்று சொல்லி உட்காரவைத்து விளக்கினார். போலீஸ் கேஸ் வேறு, நஷ்டஈடு வேறு. போலீஸ் கேஸ் டிரைவரைத் தண்டிப்பதற்கு. அதனால் நடந்து போனவளின் காலுக்கு ஒன்றும் கிடைக்காது. முன்பெல்லாம் நஷ்டஈடு வேண்டுமானால் சிவில் கோர்ட்டில் பெரிய ஸ்டாம்பு கட்டி வழக்குப் போட வேண்டும். ஏழைகள் அந்தப் பக்கமே போகமாட்டார்கள். இப்போது மோட்டார் விபத்துக்கென்றே டிரிப்யூனல் இருக்கிறது. ஜில்லா ஜட்ஜ் உட்கார்ந்து கேட்பார். சம்பளத்துக்கு ஓட்டுகிறவன் வேலையில் இருக்கும்போது இடித்தால் முதலாளிதான் பொறுப்பு. ஒவ்வொரு காருக்கும் இன்சூரன்ஸ் இருந்தே ஆக வேண்டும். அது காருக்குள் இருக்கிறவர்களுக்காக இல்லை, ரோட்டில் இருக்கிறவர்களுக்காக. "ரோடு காருக்கு மட்டும் போட்டதில்லம்மா. நடக்கறவங்களுக்கும் அதுல பாத்தியதை இருக்கு" என்றார். இருபது வருடம் அந்த ரோட்டில் நடந்தவள் என் அத்தை. அவளுக்கு இதை யாரும் சொன்னதில்லை.

வீட்டுக்கு ஓடி வந்து சொன்னேன். அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. "ஆஸ்பத்திரில ஒண்ணு சொன்னேன். இப்ப கோர்ட்டுல போய் வேற சொல்லணுமா? பொய் சொல்றவ கையில எந்த வீட்டுக்காரி சோறு குடுப்பா கண்ணு?" இனி அவள் கூடை தூக்கப்போவதில்லை என்பதை நானும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. டிரைவரின் கையிலிருந்து யாரும் எதுவும் பிடுங்கப்போவதில்லை, இன்சூரன்ஸ்தான் கொடுக்கும் என்று எவ்வளவோ சொன்னேன். அசையவில்லை. கடைசியில், கார் அந்தப் பக்கமே போகவில்லை என்று முதலாளி சொன்னதைச் சொன்னேன். அதுவரை அப்பா அதை அவளிடம் மறைத்து வைத்திருந்தார். அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"போகலியா? அப்ப நான் எவன் கார்ல சோறு அனுப்பினேன்? மில் கேட்டுல போய்க் கேளு!"

போய்க் கேட்டேன். கேட்டில் வண்டி எது நின்றாலும் நம்பரையும் நேரத்தையும் காரணத்தையும் வாட்ச்மேன் ஒரு நோட்டில் எழுத வேண்டும் என்பது மில்லின் வழக்கம். அவர் கன்னடக்காரர். நோட்டைப் புரட்டி, அந்தத் தேதியில் விரலை வைத்தார். பதினொன்று ஐம்பத்தைந்து. கார் நம்பர். காரணம் என்ற இடத்தில் கன்னடத்தில் 'ஊட்டா' என்று ஒரே சொல். சாப்பாடு. "லாரிக்குப் பஞ்சு, மூட்டைன்னு எழுதுவேன். காருக்கு ஊட்டான்னு எழுதினது அன்னிக்கு மட்டும்தான்மா" என்று சிரித்தார்.

மனுவை நானே டைப் அடித்தேன். வக்கீல் நான்கே இடத்தில்தான் திருத்தினார். ஐம்பத்தோராம் நாள் தாக்கல் ஆனது. விசாரணைக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. எதிர்த்தரப்பு வக்கீல் ஆஸ்பத்திரி சீட்டை நீட்டி, விழுந்தேன் என்று சொன்னது பொய்யா, இப்போது சொல்வது பொய்யா என்று கேட்டார். அத்தை கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு, "டாக்டர்கிட்ட சொன்னதுதாங்க பொய். அந்தப் புள்ள அழுதான், சொல்லிட்டேன்" என்றாள். அன்று கேட்டில் கத்திய தறிக்காரர் வந்து நசுங்கிய காரியரைக் காட்டினார். வாட்ச்மேன் நோட்டோடு வந்தார். எதிர்த்தரப்பில் வந்த டிரைவர், தான் அந்தப் பக்கம் போகவேயில்லை என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். வெளியே வராந்தாவில் அவர் எங்களைத் தாண்டிப் போகும்போது அத்தை கூப்பிட்டு, "ஏம்பா, புள்ளைங்க நல்லா இருக்குதுங்களா?" என்றாள். அவர் நின்றார். தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விட்டார். "நீ எதுக்கு அத்தே அவன்கிட்ட பேசறே?" என்று நான் கோபப்பட்டேன். "அவனுக்கு சோறு போடறவன் சொல்லச் சொன்னத சொல்றான், விடு" என்றாள்.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. நகலை வாங்கிக்கொண்டு வந்து, கூடத்தில் எல்லாரையும் உட்காரவைத்து, இங்கிலீஷிலிருந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். அன்றைக்கு எனக்கு இருந்த கர்வத்தை மறைக்க விரும்பவில்லை. கார் இடித்தது உண்மை. முதலாளியும் இன்சூரன்ஸ் கம்பெனியும் பொறுப்பு. ஆனால் தலையில் சுமையோடு ரோட்டைக் கடந்தவர் இரண்டு பக்கமும் பார்த்தார் என்பதற்குச் சரியான சாட்சியம் இல்லாததால் அவர் பேரிலும் கவனக்குறைவு உண்டு, ஆகையால் நஷ்டஈட்டில் மூன்றில் ஒரு பங்கு குறைக்கப்படுகிறது. அப்பா, கிடைத்த வரைக்கும் போதும் என்றார். அத்தை, "நான் பாக்கலன்னா ஜட்ஜ் எழுதியிருக்காரு?" என்று கேட்டாள்.

பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "கூடை தலையில இருந்தா கழுத்து திரும்பாது கண்ணு. கழுத்த திருப்பினா அத்தனை வீட்டு சோறும் ரோட்டுல. ஆளே திரும்பணும்." கழுத்தை அசைக்காமல், தலையில் கூடை இருப்பது போலவே நிமிர்ந்து, குட்டைக் காலை இழுத்து இழுத்து, முழு உடம்போடு இடப்பக்கம் திரும்பினாள். நின்றாள். அப்படியே வலப்பக்கம் திரும்பினாள். அந்தச் சின்னக் கூடத்தில் அவள் ஒரு சுற்று முடிக்க நாங்கள் கால்களை மடக்கி இடம் விட்டோம். "இந்தப் பக்கம் ஒண்ணும் இல்ல. அந்தப் பக்கம் ஒரு மாட்டு வண்டி, தூரத்துல. அதுக்கப்புறம்தான் கால வச்சேன். கார் பாலத்துக்கு அடியில இருந்து வந்துது. கோர்ட்டுல பாத்தியான்னு கேட்டாங்க, பாத்தேன்னேன். எப்படிப் பாத்தேன்னு நீ எழுதலியா?"

"நீ சொல்லலியே அத்தே."

"நீ கேக்கலியே."

மறுநாள் இதை வக்கீலிடம் சொன்னேன். மேல் கோர்ட்டுக்குப் போகலாம், ஆனால் கீழே சொல்லாத சாட்சியத்தை அங்கே போய்ப் புதிதாகச் சொல்ல விடமாட்டார்கள் என்றார். எனக்கே அது தெரிந்திருந்தது. ஆனாலும் கேட்டேன்.

அத்தை இறந்து இரண்டு வருடம் ஆகிறது. ஆபீசுக்கு இப்போதும் மாதம் ஒருவராவது வருகிறார்கள், நடந்து போகும்போது அடிபட்டவர்கள். மிஷினில் தாளைப் பொருத்துவதற்கு முன் அவர்களை எழுந்து நிற்கச் சொல்கிறேன். கையில் என்ன இருந்தது, தலையில் என்ன இருந்தது, எந்தப் பக்கம் முதலில் பார்த்தீர்கள், எப்படிப் பார்த்தீர்கள், நடந்து காட்டுங்கள் என்கிறேன். போன வாரம் தள்ளுவண்டிக்காரர் ஒருவர், மேஜைகளுக்கு நடுவே இல்லாத வண்டியைத் தள்ளிக்கொண்டு, குனிந்து பக்கவாட்டில் எட்டிப் பார்த்துக் காட்டினார். "இது ஆபீசா, டிராமாக் கொட்டகையா?" என்று வக்கீல் உள்ளேயிருந்து கேட்டார். வண்டிக்காரர் பார்த்த விதத்தை மனுவின் முதல் பத்தியிலேயே டைப் அடித்தேன். அத்தையின் தீர்ப்பில் மட்டும், அவள் பார்த்ததற்குச் சாட்சியம் இல்லை என்ற அந்த வரி அப்படியே இருக்கிறது.